கத்தியைத் தூக்கச் சொன்ன ஊர்

புள்ளைகளா, அந்த ஊர்ச் சிலைத் திறப்புக்கு அய்யா ஏன் போகலைன்னு கேட்டீங்க. சொல்றேன்.

பட்டாளத்தை விட்டு வந்த பிறகு நான் செய்ததெல்லாம் நினைவுத்தூணும் சிலையும்தான். சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு ஊரில், வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற தங்கள் தளபதிக்குச் சிலை கேட்டார்கள். கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு எழுப்பினேன். கத்தி இடுப்பு உறையில், கை அதன் பிடியில்.

முகம் பூசிக்கொண்டிருந்தபோது கமிட்டித் தலைவர் ஆட்களோடு வந்தார்.

"பட்டாளத்தாரே, கத்திய உருவித் தூக்கி விடுங்க. முனை மேற்க பாக்கட்டும்."

மேற்கே பக்கத்து ஊர். திருவிழாவில் ரெண்டு ஊருக்கும் அடிதடியாகி, இன்னும் கேஸ் நடக்குது.

"வெள்ளக்காரன் கடல் வழியாத்தானே வந்தான்? மேற்க யாரு இருக்கா?" என்றேன்.

"துப்பாக்கி புடிச்ச கை, சிமெண்டுக் கத்திக்குப் பயப்படுது பாரு" என்றார் தலைவர். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

பயந்தேன்தான். எல்லையில் காவல் நின்றவன் நான். எதிரே துப்பாக்கி முனை நம்ம பக்கம் திரும்பியிருந்தா, அது சுடாட்டியும் சோறு இறங்காது.

அன்றைக்கு டீ குடிக்கப் பக்கத்து ஊருக்குப் போனேன். எப்போதும் "வாங்கண்ணே" என்கிற கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு, "தளபதி எங்களப் பாத்துத்தான் கத்திய நீட்டிட்டு நிக்கப் போறாராமே?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

திரும்பி வந்தால், வெல்டிங்காரர் சிலையைச் சுற்றி டேப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சிலையச் சுத்திக் கம்பிக் கூண்டு, அதுக்கு அளவுண்ணே."

"இன்னும் கண்ணே திறக்கலயே."

"சிலையத் திறந்த அன்னைக்கே கல்லு விழும், பெறகு கூண்டு போட நேரம் இருக்காதுன்னு சொல்றாக."

தலைவரிடம் போனேன். "தோள்ல இருந்து கை வரைக்கும் ஒரே கம்பி. தூக்கணும்னா தோள உடைக்கணும். நான் உடைக்க மாட்டேன்."

"வேற ஆள வச்சு உடைச்சுக்கிறோம்."

"ஒங்க தளபதியச் சுத்தியலால அடிக்க ஆரு வாராகன்னு கேளுங்க."

தலைவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்; ஒருத்தரும் முன்னே வரவில்லை. கத்தி உறையிலேயே இருந்தது. ஆனால் இனி இங்கன வர வேண்டாம், கண் திறக்க வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் தலைவர். கூண்டு வேலை நிற்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆள் வருமுன் போனேன். நாலு பக்கமும் கம்பி நட்டிருந்தது. சிலைத் தோளில் நான் சுற்றிய சாக்கு தண்ணீர் காணாமல் காய்ந்து கிடந்தது. இன்னும் இறுகாத பச்சைக் கான்கிரீட் அப்படிக் காய்ந்தால் வெடிக்கும். தோளில் ஒரு வெடிப்பு விழுந்தால் போதும், உடைக்க அதுவே காரணமாகிவிடும். ஏணி வைத்து ஏறி, கம்பிக்கு இடையில் கையை விட்டு, சாக்கு நனைய ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன்.