கிளாரினெட்காரரின் முன்பல்

ராஜபாளையத்தில் நான் சொந்தமாகப் பல் கிளினிக் திறந்த மறு வருஷம்; எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தேவசகாயம் என்பவர் மனைவியோடு வந்தார். கல்யாணங்களுக்கு வாசிக்கும் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். மேல் முன்பல் ஒன்றின் வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தது.

அந்தப் பல்லுக்கு ஏற்கெனவே வேறோர் ஊரில் ரூட் கேனால் செய்து, உள்ளே கம்பி இறக்கி, மேலே கேப் போட்டிருந்தார்கள். மறுபடி ரூட் கேனால் செய்யக் கம்பியைப் பிடுங்கினால் வேரே பிளந்துவிடும். அதனால் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் பல்லை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள்.

"எடுத்துருங்க டாக்டர். தாடையப் பிடிச்சுக்கிட்டே கெடக்காக, பாக்க முடியல" என்றார் மனைவி ஜெயமேரி.

தேவசகாயம் ஒத்துக்கொள்ளவில்லை. "கிளாரினெட்டு வாய்ப்பகுதி இந்தப் பல்லுலதான் அண்டி நிக்கும். கட்டுப்பல்லு வச்சா ஆடும். எனக்கு வேற தொழிலும் தெரியாது."

இன்னொரு வழி இருந்தது. ஏபிசெக்டமி. ஈறைத் திறந்து, எலும்பில் சின்னத் துளை போட்டு, கெட்டுப்போன வேர் நுனியை மட்டும் வெட்டி எடுப்பது. கல்லூரியில் பேராசிரியர் பக்கத்தில் நிற்கச் செய்திருக்கிறேன். தனியாகச் செய்ததில்லை. இதை அவரிடமே சொன்னேன்.

"எலும்ப எம்புட்டு எடுப்பீங்க?"

"நுனி தெரியுற அளவுக்குத்தான். கூட எடுத்தா பல்லுக்குப் பிடிமானம் இருக்காது."

"அப்பச் செய்ங்க. நீங்க தெரியாதத தெரியாதுன்னு சொல்றீங்க, அது போதும்."

ஆபரேஷன் முற்பகலில். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, கரண்டில் சுற்றும் மைக்ரோமோட்டாரில் பர் என்கிற சின்னத் துளைமுனையை மாட்டி, சலைன் விட்டுக்கொண்டே எலும்பைத் தொட்டேன். துளை பாதி ஆகியிருக்கும். கரண்ட் போய்விட்டது.

சிஸ்டர் செல்வி டார்ச்சை அடித்துக்கொண்டு, "உளி எடுக்கவா டாக்டர்?" என்றார். அவர் கேட்டது தப்பில்லை. உளியும் சுத்தியும் வைத்து எலும்பைத் திறப்பது அப்போது வழக்கம்தான்; வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சீழ் அரித்து அந்த எலும்பு மெலிந்திருந்தது. ஒரு தட்டுக்கு விளிம்புவரை விரிசல் விட்டால், பல்லைக் காப்பாற்றியும் பிரயோஜனமில்லை. என் கை உளிப் பக்கம் போகத்தான் பார்த்தது. சலைனில் நனைத்த துணியைத் துளைமேல் வைத்து மூடினேன்.

"அண்ணே, செத்த நேரம் பொறுக்கணும். அவசரப்பட்டா எலும்பு உடையும்" என்றேன். திறந்த வாயோடு அவர் சரி என்பதுபோல் கையை மட்டும் லேசாக அசைத்தார்.

வெளியே உட்கார்ந்திருந்த ஜெயமேரிக்கு செல்வி விஷயத்தைச் சொன்னார். பக்கத்துக் கட்டடம் அச்சகம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சத்தம் ஜெனரேட்டரோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயமேரி நேரே அங்கே போய் நின்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அச்சகச் சத்தம் நின்றது. முதலாளி ராமராஜு எங்கள் ஜன்னலில் வயரோடு தெரிந்தார். அதுவரை அவரோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை.

"ஜெனரேட்டரு ரெண்டையும் சேத்து இழுக்காது டாக்டர், அதான் மெஷின நிறுத்திட்டேன். எம்புட்டு நேரம் வேணும்?"

"அரை மணி."

"அம்புட்டுதான? நா பொறவு ஓட்டிக்கிறேன்."

மைக்ரோமோட்டார் சுற்றியது. துளையைப் பெரிதாக்காமலே வேர் நுனியை வெட்டினேன். சீழ்ப் பையைச் சுரண்டி எடுத்து, வெட்டிய இடத்தை அமால்கம் வைத்து அடைத்துத் தையல் போட்டேன். கையைக் கழுவும்போதுதான் சட்டை நனைந்திருப்பது தெரிந்தது.

நான் சொல்லும்வரை வாசிக்கக் கூடாது என்றிருந்தேன். ஜெயமேரி கிளாரினெட் பெட்டியை வன்னியம்பட்டியில் தன் அண்ணன் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். எக்ஸ்ரேயில் எலும்பில் போட்ட துளை மூடி வருவது தெரிந்த பிறகுதான் பெட்டி வீடு திரும்பியது. நான் ஓய்வு பெறும்வரை அவர் வருஷம் ஒருமுறை வந்து அந்தப் பல்லைக் காட்டிவிட்டுப் போனார்.

இன்று இளம் டாக்டர்களுக்கு மைக்ரோஸ்கோப் இருக்கிறது, பல்லை எல்லாப் பக்கமும் காட்டும் ஸ்கேன் இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எடுத்த எலும்பை நம்மால் திருப்பி வைக்க முடியாது. அவசரம் வரும்போது கையை நிறுத்துங்கள். அன்று என்னால் நிறுத்த முடிந்ததற்குக் காரணம் என் திறமை இல்லை. வாயைத் திறந்தபடி பொறுத்திருந்த ஒருவரும், கேட்கப் போன அவர் மனைவியும், ஓடும் மெஷினை நிறுத்திய பக்கத்துக் கட்டடக்காரரும்தான். அந்த மூன்று பேருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.