மரத்திலிருந்து ஒரு கை

தென்காசி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஸ்டுடியோவில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். கிறிஸ்துமஸுக்கு உறவினர்களுக்கு அனுப்பும் குடும்பப் பட அட்டையை அச்சடிக்க ஓர் அம்மா வந்திருக்கிறார். போன வருஷம் எடுத்த படம்தான். ஆனால் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகள் அதில் இருக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் உத்தரவு. திரையில் முதலில் அவள் முகம் போகிறது, பிறகு மஞ்சள் சுடிதார். அவள் நின்ற இடத்தில் ஸ்டுடியோக்காரர் ஒரு கிறிஸ்துமஸ் மரத்தை வைக்கிறார்.

“யக்கா, ஒங்க தோள்ல அவ கை மட்டும் இருக்கு. அதையும் அழிச்சிருதேன்.”

“அது இருக்கட்டும்.”

“அண்ணாச்சி பாத்தா ஏசுவாவளே?”

“அவிய தன் மூஞ்சிய மட்டுந்தான் பாப்பாவ. நீ அடி.”

பிரிண்டர் அட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளுகிறது. எல்லாவற்றிலும் மரத்திலிருந்து ஒரு வளையல் கை நீண்டு அம்மாவின் தோளைப் பிடித்திருக்கிறது.