ஜார் மன்னரின் தங்கை இறந்த வீடு

கிழக்கு டொராண்டோவில், ஒரு சலூனுக்கு மேலே இருக்கிற மாடி வீடு. ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னருடைய தங்கை இங்கேதான் இறந்தார் என்று படித்திருக்கிறேன். சென்னையிலிருந்து வந்திறங்கிய மூன்றாம் நாளே படியேறி மணியை அடிக்கிறேன். கதவைத் திறக்கும் அம்மாள் என் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் கேட்கிறார்.

"ஆர் தம்பி? வீடு பாக்க வந்தனீரோ?"

"இல்ல ஆன்ட்டி, இங்க ஒரு இளவரசி இருந்தாங்க."

மூச்சு விடாமல் சொல்கிறேன். அண்ணனைக் குடும்பத்தோடு சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இவர் கணவரோடும் இரண்டு மகன்களோடும் தப்பி டென்மார்க் போய், கடைசியில் கனடா வந்து சேர்ந்தார்.

"கனடாவுக்குக் கூப்பிட ஆர் ஸ்பொன்சர் செய்தது?"

ஜாரின் ஏழு தலைமுறையும் எனக்கு மனப்பாடம். இது தெரியவில்லை.

"அதை விட்டிட்டு என்னத்தைப் படிச்சனீர்?"

படமெடுக்க போனைத் தூக்குகிறேன். கதவு பாதி மூடுகிறது.

"படம் வேண்டாம். வீட்டுக்காரனுக்கு உந்தக் கதை தெரியாது. தெரிஞ்சா அரண்மனை எண்டு வாடகையை ஏத்தி எங்களை வீட்டை விட்டு எழுப்பிப்போடுவான். கேட்டு வாற ஆக்களுக்கு நான் பக்கத்து வீட்டைத்தான் காட்டுறனான். நீர் தமிழ்ப் பிள்ளை எண்டபடியா மறைக்கேல்லை."

போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குகிறேன். கீழே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பூங்கொத்தோடு மேலே பார்த்தபடி நிற்கிறார்கள். இளவரசி இருந்த வீடு இதுதானா என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள்.

பக்கத்து வீட்டைக் காட்டுகிறேன். அவர்கள் அதன் வாசலில் பூவை வைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறார்கள். மரியாதைக்கு நானும் போய் நிற்கிறேன்.