ஓடைக்கரை செட் உடைந்த மாலை

வைக்கோல் நெருப்பில் வாட்டும் மாட்டுத்தோலின் வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ‘ஓடைக்கரை செட்’ என்ற பாட்டுக் குழுவின் பெயரைக் கேட்டால் மற்றவர்களின் கால்கள் தானாகத் தாளம் போடும். எனக்கு அந்தப் புகைதான் முதலில் வரும். எங்கள் வாயில் ‘தப்பு’ என்று வழங்கும் பறையை அந்தக் குழுவில் அடித்தவர் என் அப்பா.

கிடார் வாசித்த ராஜேந்திரன், சிமெண்ட் ஆலையில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. ஆனாலும் எங்கள் தெருவுக்கு வந்து, எங்கள் தட்டில் சாப்பிட்டு, “என்னைய சித்தப்பான்னுதான் கூப்புடணும்” என்று என்னிடம் சண்டை போடுவார். நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் எடுத்து எலக்ட்ரிக் கிடாரோடும் தப்போடும் இவர்கள் முழங்கியபோது, நம் வீட்டுப் பாட்டா இப்படி உறுமுகிறது என்று சனங்கள் வாயைப் பிளந்தார்கள். கேசட் வந்தது, ஜெயங்கொண்டம் பஸ்களில் காலையிலிருந்து அதுதான் ஓடும். குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அப்பா மேடைக்குப் பின்னால் தப்பின் தோலை விறைப்பேறும்வரை நெருப்பில் காய்ச்சி, மேலே ஏறி ஓர் அடி அடிப்பார். அந்த ஓசைக்குத்தான் சித்தப்பா கிடார்க் கம்பியை முறுக்கிச் சுதி சேர்ப்பார். “காஞ்ச தோலு நாம சொன்ன எடத்துல நிக்காது, கம்பிதான் அதுக்கு ஏத்தாப்ல போவணும்” என்பார் அப்பா. அந்த அடி விழாமல் கச்சேரி தொடங்காது.

சித்தப்பாவின் சொந்த ஊரில் திருவிழா. எனக்குப் பதினொரு வயது. வெயில் தாழாத மாலையில், ஊர்ப் பெரியவர்கள் அவரைத் தனியே அழைத்துப் பேசினார்கள். திரும்பி வந்தவர் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “அண்ணே, மேடை கீத்துப் பந்தலாம், நெருப்புக்குப் பயப்படுறாங்க. இன்னைக்கு ஒருநா மட்டும் கீழ நின்னே அடிச்சிடுங்களேன்.” அதற்குள் கூட்டத்திலிருந்து ஒருவர், “தப்பு மேடையேறுற வழக்கம் இங்க கெடையாதுப்பா” என்று உடைத்தே சொல்லிவிட்டார். முடியாது என்று சொல்லிவிட்டு அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது; சரி என்று ஒருமுறை தலையாட்டினால் பிறகு எந்த ஊர் மேடையிலும் அப்பாவுக்கு இடமில்லை. அது எனக்கே புரிந்தது.

அப்பா பந்தலுக்குக் கீழே ஓரமாகக் குந்தினார். வைக்கோலைக் கொளுத்தித் தப்பை வாட்டத் தொடங்கினார். மேடையில் குழுவின் மற்ற நான்கு பேரும் தயாராக நின்றார்கள். சித்தப்பா கம்பியில் கைவைத்தபடி அந்த அடிக்காகக் காத்திருந்தார். “என்னய்யா, இன்னும் ஆவலியா?” என்று விழாக்காரர்கள் வந்து வந்து நின்றார்கள். “இன்னும் ஏறலைங்க” என்றார் அப்பா. தோல் பழுத்தது, பிறகு பழுப்பானது.

“அப்பா, கருவுதுப்பா.”

“சும்மா இரு தாயி.”

அன்றுவரை ஒரு தோலைக்கூட அவர் தீயவிட்டதில்லை. படீரென்று கிழிந்தது. எழுந்து, கிழிசலை எல்லோருக்கும் காட்டி, “தோலு போயிடுச்சுங்க, இனிமே அடிக்க முடியாது” என்று பணிவாகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். முதுகில் கல் விழுமோ என்று பயந்துகொண்டே நடந்தேன். கல் விழவில்லை. சித்தப்பா ஓடிவருவார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அவரும் வரவில்லை. செட் அன்றோடு முடிந்தது. அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டார்.

இப்போது கேசட் கடைகளும் இல்லை, அந்தக் கீற்றுப் பந்தல்களும் இல்லை. பழைய பாட்டுகளை யாரோ இணையத்தில் ஏற்றிவிட, இவ்வளவு நல்ல குழு ஏன் பிரிந்தது என்று சின்னப் பையன்கள் கேட்கிறார்கள். தோல் கிழிந்த கெட்டநேரம் என்று யாராவது பதில் எழுதுகிறார்கள். அப்பா இறந்த அன்று ராஜேந்திரன் சித்தப்பா வந்திருந்தார். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய்யழுகை இல்லை, அது எனக்குத் தெரியும். இருந்தும் கேட்காமல் விட மனமில்லை.

“அன்னைக்கு நீங்க கீழ எறங்கி வந்திருக்கலாமே, சித்தப்பா?”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கிடாரு ஒயரு எட்டாதும்மா” என்றார்.

பதினொரு வயதில் என் இடுப்புக்குக்கூட வராத மேடை அது.