மாட்டுத் திருட்டுக்கும் மூன்று வருஷக் கெடுவா?

1958 பிப்ரவரி 12, புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன், குளியல், கேப்பைக் கூழ். எட்டரைக்கு விழுப்புரத்தில் எங்கள் வக்கீல் ஆபீசைத் திறந்தேன். வக்கீல் ஒரு வழக்குக்காகத் திண்டிவனம் போயிருந்தார். நான் அவருடைய குமாஸ்தா. எந்த வழக்கை எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்று கெடுவைக் கணக்குப் பார்த்து எழுதிவைப்பவன்.

பதினொன்றரைக்குக் கோலியனூர்ப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க வந்தாள். ஊர் ஊராக மாடு திருடும் கும்பல் ஒன்று மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய உழவு மாட்டையும் ஓட்டிப் போயிருந்தது. அதே மாடு, தொடையில் அவள் வீட்டுச் சூட்டுத் தழும்போடு, இன்று விழுப்புரம் சந்தையில் நின்றதாம், கும்பல் தலைவன் கையில்.

"என் மாடுன்னு கயித்தப் புடிச்சேன் ஐயா. 'நேத்தோட மூணு வருசம் முடிஞ்சிபோச்சி, கேசு செத்துப்போச்சி, போம்மே'ன்றான். அவன் ஆளுங்க நாலு பேரு வெத்தல போட்டுக்கினு சிரிக்கிறானுங்க. இந்த மாடு இல்லன்னா என் நெலம் தரிசுதான்."

தினமும் புரோநோட்டுக் கடன் வழக்குக்கு மூன்று வருஷம் என்று எழுதிப் பழகியவன் நான். "கெடு தாண்டிப்போச்சேம்மா" என்றேன்.

"திருடனுக்குக்கூட கெடு குடுக்குமா உங்க சட்டம்?"

எனக்குச் சுருக்கென்றது. தபால் ஆபீசுக்கு ஓடி, திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்கு டிரங்க் கால் போட்டேன். லைன் கிடைக்க நாற்பது நிமிஷம். இரண்டு மணிக்குச் சந்தை கலைந்துவிடும். கடைக்காரர் வக்கீலைக் கூட்டி வந்தார்.

"ஏன்யா, நோட்டுக்குத்தான்யா கெடு! திருட்டுக்கு ஏது கெடு? கும்பலா திருடறதுக்குத் தனி செக்ஷனே இருக்குது. ஜல்தி ஸ்டேஷனுக்கு ஓடு!"

ஓடினேன். ஒன்றே முக்காலுக்குச் சப்-இன்ஸ்பெக்டரும் மூன்று கான்ஸ்டபிள்களும் சந்தையில் நுழைந்தபோது, அந்த ஆள் மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். கொஞ்சமும் பதறவில்லை.

"மூணு வருசம் ஆயிடுச்சிங்களே" என்றான்.

"நாள் எண்ணிக்கினு இருந்தியா? ரொம்ப சந்தோசம். நட!" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

சந்தையே சிரித்தது. கூட்டாளிகளில் மூவர் பிடிபட்டார்கள். ஒருவன் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டைகளைத் தாண்டி ஓடிவிட்டான். மாட்டை ஸ்டேஷன் வரை அந்தப் பெண்ணே ஓட்டிவந்தாள். கயிற்றைக் கான்ஸ்டபிளிடம் கொடுக்க மாட்டேன் என்றாள்.

மறுநாள் ஏழேகாலுக்கே ஆபீஸ் வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள், எல்லாரும் மாடு பறிகொடுத்தவர்கள். முகையூர்க்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி, "நம்முளுது ஏழு வருசம் ஆவுதுங்க. செல்லுமா?" என்றார்.

"செல்லும், உட்காருங்க" என்றேன். வாசல்கூடப் பெருக்காமல், முதல் வேலையாக அவருடைய புகாரை எழுதினேன்.