பழைய துணிக்கு மூன்று மோட்டார் சைக்கிள்

சிஸ்டருக்குத் தேவைப்பட்டது பழைய துணி. எனக்குத் தோன்றியது மோட்டார் சைக்கிள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், அறுபதுகளின் தொடக்கத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் சேலத்தில் வேலைக்காகக் காத்திருந்தவர்கள் அல்ல. அந்த வயதில் எங்களிடம் எதைக் கேட்டாலும் மோட்டார் சைக்கிள்தான் தோன்றும். யாராவது தாகத்துக்குத் தண்ணீர் கேட்டிருந்தாலும் ஏற்காடு வரை ஓட்டிப்போய் எடுத்துவரலாமா என்றுதான் யோசித்திருப்போம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும், அஸ்தம்பட்டிக்கு அப்பால் கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த சின்ன மருந்தகத்துக்கு அம்மா கொடுத்தனுப்பிய முட்டைகளோடு போயிருந்தேன். அங்கே சிஸ்டர் ஜன்னல் திரையைக் கழற்றி மேசைமேல் போட்டு நீளவாக்கில் கிழித்துக்கொண்டிருந்தார். எதிரே பெஞ்சில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் ஒரு நடுவயதுக்காரர். மல்லசமுத்திரம் பக்கத்தில் கிணறு வெட்டுகிறவர். வெட்டிக்கொண்டிருந்த கிணற்றுக்குள் கல் சரிந்து பாதம் நசுங்கிவிட்டது.

“டாக்டர் நாளைக்கு இல்ல, அதுக்கடுத்த திங்கட்கிழமைதான் வந்து பார்ப்பார் தம்பி,” என்றார் சிஸ்டர். “அதுவரைக்கும் ரெண்டு வேளையும் கட்டு மாத்திச் சுத்தமா வெச்சிருந்தா பாதம் தப்பும். சீழ் கோத்துதுன்னா கணுக்காலோட எடுத்துடணும்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.”

ரயிலில் வரவேண்டிய கட்டுத்துணி வந்து சேரவில்லை. பழைய வேட்டி, பழைய சேலை கிடைத்தால் போதும். துவைத்துத் துவைத்து நூல் இளகிப்போனதாக இருக்கவேண்டும். அதுதான் புண்ணில் உறுத்தாது, ஈரத்தை இழுக்கும். இருப்பதை வைத்துச் சனிக்கிழமை வரை ஓட்டலாம், அதற்குமேல் முடியாது என்றார்.

“சன்னல் சீலையவா நம்ம காலுக்குக் கட்டறீங்க?” என்றார் கிணற்றுக்காரர். “நல்லதுதானுங்க. இனிமேட்டு எம்பட பாதத்தை எவனும் வெளிய நின்னு எட்டிப் பாக்க முடியாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிஸ்டர் மருந்துநீரை ஊற்றியதும் சிரிப்பு பல்லுக்குள் போய்விட்டது. கால் இல்லாமல் கிணற்றில் இறங்க முடியாது. இறங்காவிட்டால் அவருக்கு வேறு தொழில் கிடையாது. அந்தக் கணத்தில்தான் எனக்கு அந்த யோசனை தட்டியது. மூன்று மோட்டார் சைக்கிள்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஊர் ஊராக. மூட்டை மூட்டையாகப் பழைய துணி. முன்னால் போகும் வண்டியில் நான்.

நண்பர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவன் மல்லசமுத்திரத்தில் தோட்டமும் துரவுமாக இருந்த குடும்பத்துப் பிள்ளை. அவனுடைய வண்டி இராணுவ ஏலத்தில் எடுத்தது. அது வருமுன்னே அதன் சத்தம் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இன்னொருவன் லாரி முதலாளியின் மகன், எங்களுக்கு லாரிக்காரன். எந்த எஞ்சினையும் பிரித்துவிடுவான். மாட்டுவது வேறு ஆளின் வேலை. என் வண்டி என் மாமாவுடையது. அவர் வெளியூர் போயிருந்தார் என்பதால் அந்த வாரம் அது என்னுடையது.

திங்கட்கிழமையே கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒரு நற்பணியை நோட்டீஸ் இல்லாமல் செய்வது எப்படி? நோட்டீஸ் என்றால் படம் வேண்டாமா? படம் என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுப்பதா, போடாமலா? ஒரு நாள் அதில் போனது. யார் வண்டி முன்னால் போவது என்பதில் இன்னொரு நாள். மண்சாலையில் முன்னால் போகிறவனுக்குப் புகழ், பின்னால் வருகிறவனுக்குப் புழுதி. கடைசியில் ஊருக்கு ஒருவர் முன்னால் போவது என்று சமாதானமானது. கழுத்தில் கட்டும் கைக்குட்டையின் நிறத்துக்கு மூன்றாம் நாள். ‘பழைய துணி தாரீர்’ என்று கொட்டை எழுத்தில் அச்சான நோட்டீசைப் பள்ளிக்கூடத்து ஆசிரியையான என் அக்கா வாங்கிப் பார்த்தாள்.

“ஏண்டா, துணி கேக்கறதுக்கு எதுக்குடா மூணு மூஞ்சி?”

“ஜனங்களுக்கு நம்பிக்கை வரணும்ல அக்கா.”

“இதைப் பார்த்தா இருக்கிற நம்பிக்கையும் போயிடும்.”

வியாழக்கிழமை காலை கோயில் வாசலிலிருந்து புறப்பாடு. பங்குச் சாமியார் மூன்று வண்டிகளுக்கும் தீர்த்தம் தெளித்தார். லாரிக்காரன் அதை மரியாதையாக ஏற்றுக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தான். இரு தரப்புக் காவலோடும் கிளம்பினோம்.

முதல் ஊர் வெண்ணந்தூர். மல்லசமுத்திரத்து நண்பனின் அப்பா முன்கூட்டியே ஆள்விட்டுச் சொல்லியிருந்ததால் ஊர் எல்லையிலேயே மேளம் நின்றது. தறிச் சத்தம் தெருத் தெருவாக அடங்கியது. நெசவை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்க வந்தார்கள். ஒருவருடைய அரை நாள் உழைப்பை நிறுத்திவிட்டு அவரிடமே தானம் கேட்கிறோம் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. கூட்டம் நன்றாக இருந்தது. நான் சேவையைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். பேசி முடித்துத் துணி என்றதும், முன்வரிசையில் நின்ற தறிக்காரர் ஒருவர் தன் வேட்டியைத் தொட்டுக் காட்டினார்.

“பழசுங்களா? பழசு இதா கட்டியிருக்கனுங்க. இதையுங் குடுத்துப்போட்டு நான் எப்படிங்க ஊட்டுக்குப் போறது?”

கூட்டம் சிரித்தது. ஊர்ப் பெரியவர் அவரைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு எங்களிடம் திரும்பினார். “அவன் கெடக்கறானுங்க. படிச்ச புள்ளைங்க, மோட்டார்ல வந்திருக்கீங்க. உங்க கையில கந்தலக் குடுத்தா எங்க ஊரு பேரு என்னத்துக்காகும் சாமி?”

நோட்டீசை அவர் படித்திருந்தார். ‘பழைய துணி’ என்பது தெளிவாகப் புரிந்திருந்தது. அதை எங்கள் பணிவு என்று எடுத்துக்கொண்டார். வாசலுக்கு வந்த விருந்தாளியின் கையில் கட்டிக் கழித்த துணியைக் கொடுப்பது எங்கள் ஊர்ப்பக்கத்தில் அவரை அடிப்பதற்குச் சமம். ஆகவே ஆளுக்கொரு புதுத் துண்டு போர்த்தினார்கள். கஞ்சி விறைப்பில் அது தோளில் படியாமல் கூரைபோல நின்றது. சிவப்புக் கரை, பச்சைக் கரை. பிறகு அடுத்த தெருக்காரர் போர்த்தினார். முந்தைய தெருவுக்குக் குறைந்துபோகக் கூடாது என்று அதற்கடுத்த தெருக்காரர் இரண்டாகப் போர்த்தினார். மாலைகள், தேங்காய்கள், ஒரு வாழைத்தார். இதெல்லாம் சிஸ்டருக்கு எதற்கு என்று எங்களில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. நான் மனத்துக்குள் என் அடுத்த பேச்சைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

வழியில் இருந்த சிற்றூர்களிலும் இதே கதை. ஓரிடத்தில் வேப்பிலைத் தோரணம் கட்டி, எங்கள் மூன்று வண்டிகளுக்கும் சந்தனம் பூசிவிட்டார்கள். லாரிக்காரன் எஞ்சின்மேல் விழுந்த சந்தனம் காய்ந்து மணப்பதைப் பெருமையாக முகர்ந்துகொண்டே வந்தான்.

மதியம் மல்லசமுத்திரம். நண்பனின் வீட்டில் பந்தியே போட்டிருந்தார்கள். அவன் அய்யன், அதாவது அப்பா, எங்களை உட்காரவைத்துத் தானே விசிறினார். சாப்பாடு முடிந்ததும் துணி விஷயத்தை நண்பன் மெல்ல எடுத்தான்.

“அய்யா, பழைய வேட்டி எதுனா...”

“என்னது?”

“நோட்டீசுல போட்டிருந்தமே...”

“போட்டா? எம்பட பையன் ஊரூரா மோட்டார்ல போயி கந்தல் பொறுக்கினான்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்தா, சம்பந்தம் பேச எவன் ஊட்டு வாசப்படி ஏறுவான்?” என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்து, “நீங்க தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி. உங்களுக்கும் கல்யாணம் ஆகோணுமல்ல?” என்றார்.

ஆளுக்கு ஒரு ஜோடி புது வேட்டி வந்தது. மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்து. “வாரோமுங்க,” என்று கிளம்பினோம்.

சாயங்காலம் மருந்தகத்து முற்றத்தில் மூட்டைகளை அவிழ்த்தபோது ஏறக்குறைய ஒரு துணிக்கடையே விரிந்தது. நாங்கள் மூவரும் பாராட்டுக்கு ஏற்ற மாதிரி நின்றோம். சிஸ்டர் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் உருண்டு தரையில் விழுந்தது. அதையே எடுத்துப்போய்க் கொதிக்கும் நீரில் போட்டார். சற்று நேரத்தில் பாத்திரம் முழுக்கச் சிவப்பு.

“கஞ்சி போகணும், சாயம் நிக்கணும். பல வெளுப்புக்கு அப்புறம் ஒருவேளை ஆகும்,” என்றார் சிஸ்டர். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. “சனிக்கிழமைக்கு ஆகாது தம்பி.”

பெஞ்சிலிருந்து கிணற்றுக்காரர் எட்டிப் பார்த்தார். “இதைக் கட்டிட்டு இருந்தா, செவப்பு புண்ணோடதா துண்டோடதான்னு டாக்டரே தெகைச்சுப் போவாருங்க.” பிறகு மாலைக் குவியலைப் பார்த்து, “அந்த மாலையில ஒண்ண எம்பட காலுக்குப் போட்டுடுங்க சிஸ்டர். போறதா இருந்தா மரியாதையாவாச்சும் போகட்டும்,” என்றார்.

இந்த முறை அவரும் சிரிக்கவில்லை.

மூன்று வண்டிகளையும் ஓசையில்லாமல் தள்ளிக்கொண்டே வெளியே வந்தோம். லாரிக்காரனுக்கு உடனே ஒரு திட்டம் தோன்றியது: அடுத்த முறை லாரியில் போகலாம். தோட்டத்துக்காரனுக்கு இன்னொன்று: நோட்டீசில் ‘மிகப் பழைய’ என்று போட்டுவிடலாம். எனக்கு ஒன்றும் தோன்றாதது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

வீட்டில் அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். நம் வீட்டில் பழசு இருக்குமே என்றும் கேட்டேன்.

“நம்ம வீட்டுது போன மாசமே சிஸ்டர்கிட்ட போயாச்சு. ரெண்டு நாளா ஒரு வேட்டியைக் காணோம்னு தேடினியே, அது உட்பட.” பேனாவை மூடினாள். “ஆமா, இன்னைக்கு எத்தனை பொம்பளைங்ககிட்ட கேட்டீங்க?”

யோசித்தேன். பெண்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். ஆரத்தி எடுத்தார்கள், கதவுக்குப் பின்னால் நின்றார்கள், பரிமாறினார்கள்.

“யாரையும் கேக்கலை.”

“உன் சிநேகிதன் வீட்டுல சோத்துப் பானையை எதால பிடிச்சு இறக்கினாங்க?”

“பழைய சேலைத் துணி.”

“தூளி?”

“பழைய சேலை.”

“அது யாரு பெட்டியில இருக்கும்? அந்த அய்யன் பெட்டியிலயா?” என்றாள். “முன்வாசல்ல மேளத்தோட போய் நின்னா, பாவம், அவங்க புதுசுதான் தருவாங்க. பின்வாசல்ல ஒரு பொம்பளை போய், கால் போயிடும்போல இருக்கு, கட்டறதுக்குத் துணி இல்லன்னு சொன்னா, இடுப்புல சொருகியிருக்கறதையே கிழிச்சுக் குடுப்பாங்க.”

அப்படியானால் பின்வாசலுக்குப் போகப்போவது யார்? அதை அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தாள். பள்ளிக்கு லீவு எழுதி வைத்திருந்தாள். கிறிஸ்தவப் பெண், கல்யாணமாகாதவள், தம்பி ஓட்டும் மோட்டார் சைக்கிளின் பின்னால் சேலையோடு உட்கார்ந்து ஜில்லாவையே சுற்றுவதா என்று அம்மா ஆரம்பித்தாள். சனிக்கிழமைக்குள் அவ்வளவு தூரம் வேறு எதில் போய்வருவது என்று அக்கா கேட்டதும், அம்மா, ஒருபக்கமாக உட்காரும்போது முந்தானையைச் சக்கரத்தில் விட்டுவிடாதே என்று மட்டும் சொன்னாள்.

அக்காவின் நிபந்தனைகள் உடனே வந்தன. நோட்டீஸ் கிடையாது. கழுத்தில் கைக்குட்டை கிடையாது. மற்ற இரண்டு வண்டிகளும் அவரவர் வீட்டில் நிற்கும். ஆண்கள் காட்டு வேலைக்குப் போனபிறகுதான் ஊருக்குள் நுழைவது. அதற்கு முன்னாலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். முதல் வீடு மல்லசமுத்திரத்தில் என் நண்பனுடையது, புறக்கடை வழியாக. அவன் அம்மாவிடம் பேசப்போவது அக்கா. நான் பனைமரங்களுக்குப் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யாராவது வந்து விசாரித்தால் டயர் பஞ்சர் என்று சொல்லலாம்; சேவையைப் பற்றிய பேச்சு மட்டும் கூடாது.

நான் ஒப்புக்கொண்டேன். மறுநாள், வெள்ளிக்கிழமை காலை புறப்படுவதாக முடிவானது.