கொழுப்பைக் கரைத்த மாத்திரை

அந்த மாத்திரையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மஞ்சளாக, உள்ளே எண்ணெய் தெரிய, டப்பாவில் உருண்டுகொண்டு கிடக்கும். ஏதோ ஒரு பூவின் விதையிலிருந்து எடுத்த கொழுப்பு அமிலமாம். உடம்பில் இருக்கிற கொழுப்பையெல்லாம் கரைத்துவிட்டு, அந்த இடத்தில் தசையை வளர்த்துவிடுமாம். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் ஏப்பம் வரும். அதில் பலமுறை பொரித்த எண்ணெயின் வாடை அடிக்கும். தவறாமல் அது செய்த வேலை அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருஷங்கள். கூடுவாஞ்சேரியில் மாடி வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனி பஸ்ஸில்தான் மாத்திரை எங்கள் வீட்டுக்கு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் இவருக்கு ஒரு டப்பாவை விற்றார். விற்றதோடு விடாமல், ஆள் சேர்த்தால் கமிஷன் என்று இவரையும் விற்கிறவர் ஆக்கிவிட்டார். இவர் முன் சீட்டுக்காரரைப் பிடித்தார். அவர் தனக்கு முன்னால் இருந்தவரைப் பிடித்தார். அப்படியே டிரைவர் வரைக்கும் போய், பஸ்ஸில் விற்க ஆள் தீர்ந்துபோனது. அதற்கப்புறம் எங்கள் தெருவைப் பிடித்தது சனி.

"கெட்ட கொழுப்ப நல்ல கொழுப்பு தின்னுடும் சிஸ்டர், அவ்ளோதான் மேட்டரு" என்று அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார். பேசும்போது அவருடைய சட்டையின் கடைசிப் பொத்தான் எப்போது தெறிக்குமோ என்று நின்றது. நல்ல கொழுப்புக்கு அந்தப் பக்கம் இன்னும் பசி எடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காபி கொடுத்தேன்.

என் கணவர் தினமும் காலையில் பீரோ கண்ணாடி முன்னால் பனியனோடு நின்று கையை மடக்கிப் பார்ப்பார். "இன்னா, ஏறிக்கினு கீது இல்ல?" என்பார். ஒன்றும் ஏறவில்லை. அவர் பாடு என்று விட்டிருப்பேன். ஆனால் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நான் பெருத்திருந்தேன். பிள்ளை பால் மறந்ததும், என் தட்டின் ஓரத்தில் ஊறுகாய் வைப்பது போல மாத்திரையை வைக்க ஆரம்பித்தார். "நீ இளைச்சாதான் தெருவுல நம்புவாங்க" என்றார். பெண்டாட்டி உடம்பை விளம்பரப் பலகையாக்க நினைத்த அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது? சண்டை போட்டுச் சலித்துப்போய் விழுங்கினேன். மாதக்கணக்கில் விழுங்கியும் ஒரு ரவிக்கைகூடத் தளரவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. உறவுக்காரக் கல்யாணத்தில் குடித்த தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர். அந்த எண்ணெய் மாத்திரையை முதலில் குப்பையில் போடு என்றும் சொன்னார். செங்கல்பட்டில் அம்மா வீட்டில் மோர்ச்சோறும் கீழாநெல்லியுமாகக் கிடந்தேன். சோற்றைப் பார்த்தாலே குமட்டும். கூடுவாஞ்சேரிக்குத் திரும்பியபோது கை வளையல் முழங்கை வரைக்கும் போய்வந்தது, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என் கணவர் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப்போகிறார் என்று நின்றேன்.

"சூப்பரா இளைச்சிக்கீற! அப்டியே நில்லு, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றார்.

பாவி மனுஷன்! திட்டுவதற்குக்கூட எனக்குத் தெம்பு இல்லை. அந்த வாரம் முழுக்க வெளியே தலைகாட்டாமல் படுத்தே கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மகாபலிபுரத்தில் கடற்கரை ஹோட்டலில் சாப்பாடு, பிள்ளைகள் அலையில் கால் நனைக்கட்டும் என்று அழைத்தார். நம்பிப் போனேன்.

கடலைக் காட்டவில்லை. குளிரூட்டிய ஹாலில் நடந்த மாத்திரைக் கம்பெனிக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். டை கட்டிய ஆட்கள் யார் என்ன சொன்னாலும் கைதட்டினார்கள். முன்வரிசையில் எங்கள் கீழ்வீட்டு அம்மா, படிப்பு முடித்த தன் மகளோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், பெண் தாட்டியாக இருக்கிறாள் என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டிருந்தாள். "ஒன் போட்டோவ காட்டித்தாம்மா ஒன் வூட்டுக்காரரு எங்கள இட்டாந்தாரு. இவளுக்கும் வாங்கிடலாம்னு கீறேன்" என்றாள் அந்த அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் மேடையில் இரண்டு படங்கள் பெரிதாக வந்தன. ஒன்றில் நைட்டியோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான். இன்னொன்றில் வாசற்படியில் எலும்பும் தோலுமாக நான்.

ஹால் கைதட்டியது. "சிஸ்டர், ரெண்டு வார்த்தை" என்று பக்கத்து சீட்டுக்காரர் மைக்கை நீட்டினார். என் கணவர் பல்லெல்லாம் தெரிய நின்றார். இவர்களுக்குச் சாட்சியாக நின்றால், வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணின் தொண்டையிலும் இது இறங்கும். மைக்கை வாங்கினேன்.

"ஒரு கல்யாணத்துல குடிச்ச தண்ணியால எனக்கு மஞ்சள் காமாலை வந்திச்சி. அதுலதான் இளைச்சேன். இந்த மாத்திரையால ஒரு சுண்டுவிரல்கூட இளைக்கல. யாரும் வாங்காதீங்க" என்றேன்.

பக்கத்து சீட்டுக்காரர் மைக்கைப் பிடுங்கி, "சிஸ்டர் செம தமாசு" என்றார். உடனே எல்லாரும் கைதட்டினார்கள். என் கணவர் தரையைப் பார்த்தார். அன்றைக்கு அவரை அங்கேயே செருப்பால் அடித்திருக்கலாம், அவ்வளவு வெறுப்பு. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கீழ்வீட்டு அம்மாவும் மகளும் என் பின்னாலேயே வந்தார்கள். அப்பாடா, ஒருத்தியாவது தப்பித்தாள் என்று திரும்பினேன். அந்தப் பெண் என் கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கல்யாணத்துல எந்தத் தண்ணிய குடிச்சீங்க?" என்றாள்.

அவள் அம்மா அவளை அதட்டவில்லை. என் பதிலுக்காக அவளும் காத்துக்கொண்டு நின்றாள்.